நீல டிரம்

மாங்கூழ் கம்பெனியை ஆகஸ்டோடு பூட்டிவிட்டார்கள்.
கடைசி வாரக் கூலியில் முந்நூறு பிடித்துக்கொண்டு
சூப்பர்வைசர் கொடுத்தனுப்பிய நீல டிரம்
வீட்டுக்குப் பின்னால் கிடந்தது.
தண்ணீர் பிடிக்கத்தான் வாங்கினேன்.
கோழி என்று எழுதியது கணக்கு நோட்டு:
நாட்டு முட்டை பதினைந்து ரூபாய்,
கோழி நாலு, மாதம் இத்தனை,
அடுத்த மாம்பழம் வரும்வரை ஒன்பது மாதம்.
பெருக்கிப் பார்த்த இரவில்
நான் கொஞ்சம் பணக்காரியாக இருந்தேன்.

டிரம்மைப் படுக்க வைத்து
உருளாமல் இரு பக்கமும் செங்கல் கொடுத்து
உள்ளே வைக்கோல் திணித்தேன்.
எத்தனை கழுவியும் பெங்களூரா வாசம் போகவில்லை.

ஞாயிறு, போச்சம்பள்ளி சந்தை.
நோட்டில் குறித்துப் போயிருந்தேன்:
கொண்டை சிவந்திருக்க வேண்டும்,
கண்ணில் நீர் கூடாது,
பின்னெலும்புக்கு நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.
"என் வெரலா, உன் வெரலா?" என்றாள் கெம்பம்மா.
அவளுடைய இரண்டு என்னுடைய மூன்று.
என் விரல்களில் மாம்பால் சுட்ட கறுப்பு.
அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை,
விலையையும் குறைக்கவில்லை.

வெடக்கோழி ஒன்றை என் கையில் திணித்தாள்.
அத்தனை சூட்டை நான் எதிர்பார்க்கவில்லை.
"காய்ச்சலா இதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.
ஆட்டுக்காரர்கள் வரை சிரித்தார்கள்.
"உசுரோட இருந்தா அப்பிடித்தான் இருக்கும்மா."
அதற்குப் பிறகு எப்படிப் பேரம் பேசுவது.
ஐந்நூறு என்றது நானூற்று முப்பதில் நின்றது.
நாலு.

காவேரிப்பட்டணம் டவுன் பஸ்ஸில்
எனக்கு இலவசம்,
கோழிகளுக்கு டிக்கெட்.
நாற்பது ரூபாயைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தபோது
உரச்சாக்கின் ஓட்டைகளில் நாலு தலை
வாங்கிக்கொள்வதுபோல் நீண்டன.

கால்களைக் கட்டியிருந்தது புடவைக் கரைக் கிழிசல்.
முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது.
அவிழ்த்தேன், விலகி நின்றேன்.
அவை எழவில்லை.
கட்டு இருந்த இடத்தில் காலோடு கால் சேர்த்து
அப்படியே உட்கார்ந்திருந்தன,
நிழல் சலவைக்கல்லைத் தாண்டும்வரை.
பிறகு கறுப்பி ஒரு காலை நீட்டிப் பார்த்தது.
மற்றதை நீட்ட இன்னும் நேரமாயிற்று.

இருட்டியதும் டிரம்முக்குள் ஒன்றும் போகவில்லை.
அதன் முதுகில் ஏறி வழுக்கி ஏறி
வரிசையாக, எனக்குப் புறம் காட்டித் தூங்கின.

ஐந்தாம் நாள் பெங்களூரிலிருந்து அவர்:
"முட்டை?"
"பழகணும்ல."
பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு நாகவேணி:
"சேவலைக் கீவலைக் கட்டிட்டாளோ?"
கம்பு, தவிடு, குருணை: முந்நூற்று நாற்பது.
மறு ஞாயிறு சண்டை போடவே சந்தைக்குப் போனேன்.
பஸ்ஸில் முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு.
கெம்பம்மா இருந்த இடத்தில்
ஒருவன் தார்ப்பாய் விரித்துத் தார்ப்பாய் விற்றான்.
அவனிடம் என்ன சொல்வது.
ஒரு கட்டுக் கீரையைக்கூட வாங்காமல் திரும்பினேன்.

பத்தொன்பதாம் நாள் துணி துவைக்கும்போது
கல்லுக்குப் பின்னால் போட்டிருந்த உரச்சாக்கு அசைந்தது.
பாம்பு என்று நினைத்துக் குச்சி எடுத்தேன்.
கறுப்பி வெளியே வந்தது,
ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு.

எதில் அடைத்துக் கொண்டுவந்தேனோ அந்தச் சாக்குக்குள்
நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக,
ஒரு பக்கம் மெல்லிய ரத்தக் கோடு,
கையில் அதே சூடு.

டிரம் முந்நூறு, கோழி ஆயிரத்து எழுநூற்று இருபது,
டிக்கெட் நாற்பது, தீனி முந்நூற்று நாற்பது.
நோட்டில் எழுதினேன்:
முட்டை ஒன்று, அடக்கவிலை இரண்டாயிரத்து நானூறு.
நாகவேணி பதினைந்து நீட்டினாள்.
நாளைக்குத் தருகிறேன் என்றேன்.
நாளைக்கும் அதையே சொன்னேன்.

சாக்கை உதறி மடிக்க நினைத்திருந்தேன்.
இப்போது அதற்கு மேலே ஒரு தகரம் சாத்தியிருக்கிறேன்,
மழைக்கு.
டிரம்மை நிமிர்த்திவிட்டேன்.
தண்ணீரில் இன்னும் லேசாக மாம்பழ வாசம்.